முந்நூறு வயதுப் பையனுக்குப் பக்குவம் வந்திருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வாசிப்பு வட்டம் நடத்துகிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். இரண்டு வருஷமாக அவர்கள் அதிகம் தூக்கிக்கொண்டு வருவது, சாகாவரம் பெற்ற நாயகர்கள் நடமாடும் இளையோர் நாவல்களைத்தான். ரத்தக்காட்டேரி, மாய இனத்து இளவரசன், சாபம் வாங்கிய மந்திரவாதி என்று ஆளுக்கு ஒரு வகை. வயது 100 இருக்கும், 500 இருக்கும். முகத்துக்கு மட்டும் 17.

பிள்ளைகளும், அவர்களை அழைத்துப்போக வாசலில் வண்டியோடு நிற்கிற அம்மா அப்பாக்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என்னுடையவை. மாறுபடுகிறவர்கள் சனிக்கிழமை வந்து சொல்லலாம், உட்கார்ந்து பேசுவோம்.

நூறு வருஷம் வாழ்ந்தவன் ஏன் பதினேழு வயசுப் பையன் மாதிரியே நடந்துக்கிறான்?

வட்டத்தில் முதன்முதலாக வந்த கேள்வி இது. கேட்டது ஒரு பத்தாம் வகுப்புப் பெண். அவள் கையில் இருந்தது 2005ல் வெளிவந்த ட்விலைட். அதன் நாயகன் எட்வர்ட் 1901ல் பிறந்தவன். 1918ல் ஸ்பானிஷ் காய்ச்சல் உலகத்தையே வாரிக்கொண்டு போனபோது, சிகாகோவில் சாகக் கிடந்தவனை ரத்தக்காட்டேரியாக மாற்றிக் காப்பாற்றுகிறார்கள். கதை நடக்கும்போது நூறைத் தாண்டிவிட்டான். ஆனாலும் பள்ளிக்கூடம் போகிறான். விரும்புகிற பெண் தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறான். அடுத்த புத்தகத்தில், அவள் நல்லதுக்காக என்று தானே முடிவு செய்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டுப் போகிறான். "எங்க தாத்தாவுக்கு 78 வயசுக்கா. அவரு இப்படியெல்லாம் பண்ண மாட்டாரு" என்றாள்.

உங்க தாத்தா எப்போ பெரிய மனுஷர் ஆனார் என்று அவளிடம் திருப்பிக் கேட்டேன். யோசித்து யோசித்துச் சொன்னாள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது அவருக்கு 22 வயதாம். அன்றைக்கே தாய்மாமன் ஆகிவிட்டார். காது குத்துக்கு அவர் மடியில்தான் பிள்ளையை உட்கார வைத்தார்கள். அப்புறம் மாப்பிள்ளை, அப்பா, சம்பந்தி, தாத்தா. ஒவ்வொரு பெயரும் ஒரு வேலையோடு வந்தது. யாராவது ஒருவர் அவரைப் புதிதாக ஒரு உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டதும், அதற்கேற்ற மாதிரி அவர் கொஞ்சம் மாற வேண்டியிருந்தது.

எட்வர்டை அப்படி யார் கூப்பிட்டார்கள்? முகம் மாறாதவன் ஒரே ஊரில் நாலைந்து வருஷத்துக்கு மேல் இருக்க முடியாது, ஊர் கவனித்துவிடும். மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர், அடுத்த பள்ளிக்கூடம், மறுபடியும் முதல் நாள். அவன் வாழ்ந்த நூறு வருஷமும் பதினேழாவது வயதைத் திரும்பத் திரும்ப வாழ்ந்ததுதான். அதனால் அவன் பையன் மாதிரி நடந்துகொள்வதை என்னால் நம்ப முடிகிறது. "இவன் நூற்றாண்டு கண்ட ஞானி" என்று புத்தகம் சொல்லும் இடத்தில்தான் நம்பிக்கை போய்விடுகிறது.

அதே வீட்டில் அவனுக்கு அப்பா ஸ்தானத்தில் இருக்கிற கார்லைலைப் பாருங்கள். 1640களில் லண்டனில் பிறந்தவர். உடம்புக்கு 23 வயதுதான். ஆனால் அவரைப் பெரியவர் என்று ஒத்துக்கொள்ள எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கும் தயக்கம் இல்லை. அவர் டாக்டர், ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கிறார்கள், ஒரு குடும்பம் அவரை நம்பி நிற்கிறது.

உடம்பு 17ல் நின்றுவிட்டால் மூளையும் அங்கேயே நின்றுவிடுமா?

பிளஸ் ஒன் உயிரியல் படிக்கிற பையன் கேட்டது. நல்ல கேள்வி. முன்பின் யோசிப்பதற்கும் வேகத்தை அடக்குவதற்கும் முக்கியமான மூளைப்பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுசாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. 17ல் உறைந்த உடம்பு என்றால், அந்தப் பகுதியும் முக்கால் வேலையில் நின்றுபோன கட்டடம்தான். அனுபவம் சேரும், ஆனால் அதைப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பழையதாகவே இருக்கும். இதை ஒரு எழுத்தாளர் கையில் எடுத்தால் எவ்வளவு வலிக்கிற கதை கிடைக்கும்! செய்வது தப்பு என்று நானூறு தடவை பார்த்துத் தெரிந்துகொண்டவன், நானூற்று ஒன்றாவது தடவையும் அதையே செய்கிறான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வயதானவர்கள் ஏன் சண்டையைச் சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள், ஏன் நாலு பேரோடு மட்டும் நெருங்கிப் பழகுகிறார்கள் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். மிச்சமிருக்கிற காலம் கொஞ்சம்தான் என்ற உணர்வு வந்துவிட்டால் மனிதர்கள் தங்களுக்கு முக்கியமானதைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் சொல்வது. சாவே கிடையாது என்பவனுக்கு அந்த உணர்வு எங்கிருந்து வரும்? இன்றைக்குச் சொல்லாத மன்னிப்பை அடுத்த நூற்றாண்டில் சொல்லிக்கொள்ளலாமே.

நம்ம மார்க்கண்டேயரும் என்றும் பதினாறுதானே? அவரை மட்டும் எப்படி நம்புறோம்?

இதைக் கேட்ட பையனின் ஊர் திருக்கடையூர்ப் பக்கம். அவன் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்!

கதை உங்களுக்குத் தெரியும். குணம் கெட்ட பிள்ளை நீண்ட ஆயுளோடு வேண்டுமா, நல்ல பிள்ளை 16 வயது மட்டும் வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது மிருகண்டு முனிவர் நல்ல பிள்ளையைக் கேட்டு வாங்கினார். பதினாறு முடிகிற நாளில் எமன் வந்தான். பையன் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். பாசக்கயிறு லிங்கத்தின் மேலும் விழ, சிவன் காலனை உதைத்தார். அது நடந்ததாகச் சொல்லும் இடம் திருக்கடையூர், சிவன் வீரம் காட்டிய எட்டு ஊர்களான அட்டவீரட்டத் தலங்களில் ஒன்று.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் அந்தப் பதினாறு வயதுக்காரர் என்ன செய்தார் என்பது மகாபாரதத்தின் வனபர்வத்தில் இருக்கிறது. நாடு இழந்து காட்டில் இருக்கும் பாண்டவர்களைப் பார்க்க வருகிறார். பிரளயத்தில் உலகம் மொத்தமும் முழுகித் தான் மட்டும் தண்ணீரில் அலைந்ததை, ஆலமரத்தில் ஒரு குழந்தையைக் கண்டதை அவர்களிடம் சொல்கிறார். எல்லாம் அழிந்ததைப் பார்த்த ஒருவர், எல்லாம் இழந்த ஐந்து பேர் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். இந்தக் காட்சிக்காகவே நான் அவருடைய வயதை நம்புகிறேன்.

இன்னொன்று. அந்தக் கோயிலுக்கு ஜனங்கள் எதற்குப் போகிறார்கள்? அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும். காலம் நின்றுபோன பையனின் ஊருக்கு, காலம் நன்றாக உழுதுவிட்டுப் போன முகங்கள் வரிசையாக வருகின்றன. என் பெரியப்பாவுக்கும் அங்கேதான் நடந்தது. மணையில் உட்காரவே அவருக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. தாலி முடிச்சுப் போடும்போது விரல் நடுங்கி முதல் முடிச்சு நழுவியது. பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையால் பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைப் பின்னால் நீட்டிச் சரட்டின் நுனியைத் தேடிப் பிடித்து அவர் விரலில் கொடுத்தார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே மெதுவாக, "காலையில மாத்திரை போட்டீங்களா?" என்றார். முப்பத்துநாலு வருஷம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. சாகாவரக் காதல் நாவல்களில் நான் தேடித் தேடிப் பார்ப்பது இந்த மாதிரி ஒரு கேள்வியைத்தான். அபூர்வமாகத்தான் கிடைக்கிறது.

சின்ன முகத்தோடு பெரிய பக்குவத்தைக் காட்டவே முடியாதா?

ஏன் முடியாது? கும்பகோணத்தைச் சுற்றி இரண்டு இடங்களைச் சொல்கிறேன். சுவாமிமலையில் பிள்ளை அப்பாவுக்குப் பிரணவத்தின் பொருளைச் சொல்கிறான். அப்பா கைகட்டி வாய்பொத்திக் கேட்கிறார். ஆலங்குடி குரு தலம். தட்சிணாமூர்த்தி ஆலமரத்தடியில் இளைஞராக உட்கார்ந்திருக்கிறார், காலடியில் முனிவர்கள். குருவோ வாயே திறப்பதில்லை.

ஒருவருக்கு விஷயம் தெரியும் என்பதை எதிரே இருப்பவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதிலிருந்து நாம் தெரிந்துகொள்கிறோம். நாவலாசிரியர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முந்நூறு வயதுக்காரன் பக்கம் பக்கமாகத் தன் துயரத்தைப் பற்றியே பேசுகிறான்.

சோழன் ஒருவன் கதையும் உண்டு. இந்தச் சின்னப் பையன் என்ன தீர்ப்புச் சொல்லிவிடப் போகிறான் என்று வழக்கோடு வந்த முதியவர்கள் தயங்க, அவன் நரைமுடி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவர்கள் மனம் நிறையும்படி தீர்ப்புச் சொன்னானாம். பழமொழி நானூறு சொல்வது. கரிகாலன் என்று உரைகாரர்கள் சொல்வார்கள்.

அயல்நாட்டுப் புத்தகங்களில் இதைச் சரியாகச் செய்தது ஏதாவது உண்டா?

நான் எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பது 1975ல் வந்த டக் எவர்லாஸ்டிங். ஒரு குடும்பம் தெரியாமல் ஒரு ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிடுகிறது, அன்றோடு வயது நின்றுவிடுகிறது. சின்னவன் ஜெஸ்ஸிக்கு 104 வயது, பார்க்க 17. அண்ணன் மைல்ஸுக்கு உடம்பு 22ல் நின்றது. ஜெஸ்ஸிக்கு எல்லாமே கொண்டாட்டம். மைல்ஸுக்கோ கல்யாணமாகி இரண்டு குழந்தைகள் இருந்தன. வயது ஏறாத புருஷனைப் பார்த்துப் பயந்து, சாத்தானிடம் ஆத்மாவை விற்றுவிட்டான் என்று நினைத்து, மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரே வீடு, ஒரே ஊற்று, ஏறக்குறைய ஒரே வருஷக் கணக்கு. ஒருவன் பையனாகவே இருக்கிறான், இன்னொருவன் கிழவன் ஆகிவிட்டான். மைல்ஸிடமிருந்து யாரோ போய்விட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஜெஸ்ஸி பத்து வயதுப் பெண் ஒருத்தியிடம் ஊற்றுத் தண்ணீரைக் கொடுத்து, உனக்கு 17 ஆனதும் குடித்துவிட்டு என்னிடம் வா என்கிறான். அவள் அதைக் குடிக்கவில்லை. வளர்ந்து, வாழ்ந்து, 1948ல் செத்துப்போகிறாள். அந்த முடிவை வட்டத்தில் வாசித்த அன்றைக்கு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

என் மகளுக்குப் பதினாறு வயசு. நூறு வயசு ஆள் அந்த வயசுப் பெண்ணைக் காதலிக்கிற கதையை எப்படிப் படிக்க விடுவது?

உங்கள் கவலையைச் சின்னதாக நினைக்கவில்லை. நிஜ வாழ்க்கையில் 18 வயது ஆகாதவர் குழந்தைதான், 2012ன் போக்சோ சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. கதையில் முகம் 17 என்பதால் நமக்கு உறைப்பதில்லை. எனக்கு உறுத்துவது கோரைப்பல் இல்லை. "உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்" என்கிற அந்தக் குரல். பணமும் பலமும் நூறு வருஷ விவரமும் ஒரு பக்கம், பிளஸ் ஒன் படிக்கிற பெண் மறு பக்கம். அதற்குக் காதல் என்று பெயர் வைத்து, அவன் கட்டுப்படுத்துவதை அக்கறை என்று காட்டும்போது எனக்கும் கோபம் வருகிறது.

ஆனால் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். என் பதினைந்தாவது வயதில் வீட்டில் ஒரு நாவலைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டார்கள். ஏணி வைத்து ஏறி எடுத்துப் படித்து முடித்தேன். அதில் எனக்குக் குழப்பமாக இருந்ததை யாரிடமும் கேட்க முடியாமல் போனதுதான் மிச்சம். நீங்களும் கூடப் படியுங்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தில் அவள் "வேண்டாம்" என்று சொன்னால் என்ன நடக்கும்? எங்கள் வட்டத்துப் பெண்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு அத்தியாயத்தை உரித்த மாதிரி என்னால் உரித்திருக்க முடியாது.

பக்குவமாகவே எழுதினால் போரடிக்காதா அக்கா?

அடிக்காது. பக்குவம் என்றால் ஆசை அற்றுப்போவது என்று யார் சொன்னது? மகாபாரதத்தில் வரும் அரசன் யயாதி, மகன் பூருவின் இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் வருஷம் அனுபவித்தான். கடைசியில், நெய்யை ஊற்ற ஊற்றத் தீ அடங்குமா என்று கேட்டு இளமையைத் திருப்பிக் கொடுத்தான். அந்த ஆயிரம் வருஷத்தில் எத்தனை நாவல் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

வயதாகியும் நரைக்காதவர் நம் பழைய பாட்டில் உண்டா?

உண்டு, புறநானூறு 191. பாண்டி நாட்டுப் பிசிராந்தையார், முன்பின் பார்க்காத நண்பன் கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கிறான் என்று கேட்டு, உறையூருக்கு வருகிறார். அங்கே இருந்தவர்களுக்கு ஆச்சரியம்: இத்தனை வருஷமாகியும் உங்களுக்கு நரை இல்லையே, எப்படி? அவர் சொன்ன பதிலில் மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், சொல்லாமலே குறிப்பறிந்து நடக்கிற வேலைக்காரர்கள், தப்புச் செய்யாமல் காக்கிற அரசன். எல்லாவற்றுக்கும் மேலே, ஆன்று அவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் தன் ஊரில் இருக்கிறார்கள் என்றார்.

அவருடைய பதிலில் இருப்பதெல்லாம் அவரைச் சுற்றி இருக்கிற ஆட்கள். நாவல்களில் வரும் சாகாத நாயகனோ காட்டோரமாக ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறான். அவனுக்கு ஒரு ஊரைக் கொடுங்கள் என்று எழுதுகிறவர்களிடம் கெஞ்சத் தோன்றுகிறது.

நான் கும்பகோணத்தில் நடக்கிற கதை எழுதுகிறேன். என் ஆளுக்கு 300 வயது. எப்படி நம்ப வைப்பது?

இதைக் கேட்டவள் பிளஸ் டூ மாணவி. முதல் வரைவில் அவன் ஹைதர் அலி படையெடுப்பைப் பார்த்ததாகவும், சரபோஜி மன்னரோடு பேசியதாகவும், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டையை 1845ல் ஆங்கிலேயர்களுக்கு விற்றபோது அங்கே நின்றதாகவும் எழுதியிருந்தாள். எல்லாம் சரியான வரலாறுதான். ஆனால் பொது அறிவுப் புத்தகம் நடந்துவந்த மாதிரி இருந்தது. முந்நூறு வருஷம் இருந்தவன் பெரிய சம்பவங்களை மட்டுமா நினைவில் வைத்திருப்பான்?

சேர்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம். மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. முந்நூறு வருஷத்தில் 25 மகாமகம். அப்படியென்றால் 2016 கூட்டத்தில் அவன் குளத்தில் இறங்குவானா? மாட்டான் என்றாள் அவள். கூட்டத்தில் யார் கையையோ விட்டுவிட்டு ஒருமுறை தேடியிருக்கிறான். அன்றிலிருந்து வடகரைப் படியில் நின்று, தொலைந்துபோன பிள்ளைகளைப் பிடித்துக் கொடுப்பதுதான் அவன் வேலை. அந்த ஒரு வரியில் அவன் எனக்கு மனுஷனாகிவிட்டான்.

அடுத்து தமிழ் வருஷங்கள். அறுபது பெயர், ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதல் பெயரான பிரபவ. சுவாமிமலைப் படிகள் அறுபதும் அந்த வருஷங்கள்தான். நமக்கெல்லாம் ஒரே பெயர் இரண்டாவது முறை வந்தாலே பெரிய பாக்கியம், அதைத்தான் அறுபதாம் கல்யாணமாகக் கொண்டாடுகிறோம். அவனுக்கு ஐந்து சுற்று. இப்போது தாது வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1876ல் வந்த தாதுதான் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கான உயிரைக் குடித்த பஞ்சம். பாட்டிகள் வாயில் இன்றைக்கும் அது தாது வருஷப் பஞ்சம். அடுத்த தாது 1936. அதற்கடுத்தது 1996. 1996ல் ரேஷன் கடை உண்டு, மேட்டூர் அணை உண்டு, யாரும் பஞ்சத்தை நினைக்கவில்லை. சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் வாசிக்கிறார்கள். "தாது" என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் எழுந்து வீட்டுக்குப் போகிறான். ஒரு மூட்டை நெல்லைக் கூடுதலாகப் பத்தாயத்தில் கொட்டுகிறான். அடுத்த வீட்டுப் பிள்ளை ஏன் என்று கேட்கிறது. "சும்மாதான்" என்கிறான்.

அந்த "சும்மாதான்" அவள் எழுதியது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவன் பழைய தமிழில் பேச வேண்டுமா?

வேண்டாம். முந்நூறு வருஷமாக ஊரோடு இருப்பவன் ஊர் பேசுகிற மாதிரிதான் பேசுவான். ஒன்றிரண்டு சொல் மட்டும் தங்கிவிடும். நிலத்தை ஏக்கரில் சொல்லாமல் மாவிலும் குழியிலும் சொல்வான் என்று எழுதினாள். அது போதாது, எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் மூணு மா என்றால்தான் ஒரு ஏக்கர் என்று புரிந்துகொள்கிறார்கள்.

அப்புறம் அவளே ஒன்று கண்டுபிடித்தாள். ஜூன் மாதம் வந்தால் நாமெல்லாம் "எப்போ திறப்பாங்க?" என்று கேட்கிறோம். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, அதை வைத்துத்தான் குறுவை நெல் சாகுபடி. அணை கட்டி முடிந்தது 1934ல். அவனோ அதற்கு முன்னால் இருநூறு வருஷத்துக்கு மேல் இந்தக் கரையில் நின்றவன். குடகில் மழை பெய்தால் ஆறு தானாக வந்த காலம் அது. அதனால் அவன் வாயில் "திறப்பாங்க" வராது. காவிரிப் படித்துறையில், மணல் நனைகிற நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு பக்கத்தில் இருக்கிற பையனிடம் அவன் சொல்வது இரண்டே சொல்: "ஆறு வந்துடுச்சு."